இனவாதக் கட்சியைப் பிரதேச சபைக்குள் விடாமல் தடுக்க எல்லோரும் ஒரே சின்னத்தில் கேட்டால் போதுமா?

ஊவாக்காரி | 2026 ஜனவரி 11, இரவு 8.15

இலங்கையில போன வருஷ உள்ளூராட்சித் தேர்தல்ல வட்டாரம் ஒண்ணுகூட ஜெயிக்காம, கட்சிப் பட்டியல் வழியா சபைக்குள்ள வந்து உட்கார்ந்த ஆட்கள் இருக்காங்க. மேடையில பேசினது முழுக்க "அவங்க காணியைப் பிடிக்கிறாங்க, இவங்க கடையைப் பிடிக்கிறாங்க". நான் சொல்றது ஒண்ணுதான்: தோட்டத் தமிழர், டவுன் முஸ்லிம், கிராமத்து நல்ல சிங்கள ஆட்கள் எல்லாரும் ஒரே சின்னத்தில கேட்டா இந்த மாதிரி கட்சிக்கு இடமே கிடைக்காது. இதுல என்ன பிழை?

கணக்கப்பிள்ளை | ஜனவரி 11, இரவு 9.50

ஆசை நல்ல ஆசை அக்கா. கணக்கு அப்படி ஓடாது.

2017 திருத்தத்துக்குப் பிறகு ஆசனங்களில் 60 வீதம் வட்டாரத்தில் நேரடியாக வெல்வது, 40 வீதம் கட்சிப் பட்டியல். வாக்கு ஒன்றே ஒன்று, விருப்பு வாக்கு கிடையாது. வட்டாரத்தில் போடும் அதே புள்ளடிதான் பட்டியலுக்கும் சேரும். 20 பேர் கொண்ட ஒரு சபையை வைத்துப் பாருங்கள், 12 வட்டாரம், 8 பட்டியல். செல்லுபடியான வாக்கு 24,000. ஒரு கட்சிக்கு மொத்தம் எத்தனை ஆசனம் என்பது அது எடுத்த வாக்கைப் பொறுத்தது, ஒரு ஆசனத்துக்கு 1,200.

அ கட்சி 9,300. ஆ கட்சி 8,400. தோட்டக் கட்சி 4,550. இனவாதக் கட்சி 1,750. முழு எண்ணாக 7, 7, 3, 1. மிச்சம் 2 ஆசனம், அது அதிக மீதி உள்ளவர்களுக்கு. தோட்டக் கட்சியின் மீதி 950, அ கட்சியின் மீதி 900. ஆக 8, 7, 4, 1.

இப்போது தோட்டக் கட்சிக்குப் போட வேண்டிய 450 பேர் வாக்குச்சாவடிக்கு வரவில்லை என்று வையுங்கள். வட்டாரத்துக்கு 37, 38 பேர். மொத்தம் 23,550, ஒரு ஆசனத்துக்கு 1,177.5. தோட்டக் கட்சி 4,100, அதன் மீதி 567.5. இனவாதக் கட்சி அதே 1,750, மீதி 572.5. கடைசி ஆசனம் அவர்களுக்கு. 8, 7, 3, 2.

ஒரு வாக்குகூட அதிகம் எடுக்காமல் அவர்கள் ஒன்றிலிருந்து இரண்டு ஆனார்கள். முதல் கணக்கில் ஆ கட்சியும் தோட்டக் கட்சியும் சேர்ந்தால் 11, தவிசாளர் (சபைத் தலைவர்) பதவி கையில். இரண்டாம் கணக்கில் 10தான். அந்தப் பக்கம் அ கட்சி 8, இனவாதக் கட்சி 2, அதுவும் 10. சமன் வந்தால் சீட்டுக் குலுக்கல். அந்த இரண்டு பேருக்கு இப்போது உப தவிசாளர் பதவி கேட்கிற தைரியம் வந்துவிடும்.

ஆக தடுக்க வேண்டிய இடம் மேடை இல்லை. ஒன்று, வராமல் போகும் அந்த 450. இரண்டு, தவிசாளர் தெரிவு நடக்கும் அந்த ஒரு காலை.

நோர்வூட்டான் | ஜனவரி 12, காலை 6.40

கணக்கு சரி. ஒண்ணு விட்டுட்டீங்க. அ கட்சிக்கு வட்டாரத்தில மட்டும் 10 வந்தா என்ன ஆகும்? கணக்குப்படி 8தான் கிடைக்கணும், ஆனா ஜெயிச்ச 10 பேரையும் வீட்டுக்கு அனுப்ப முடியாது. சபையோட மொத்த எண்ணிக்கை கூடும். 2018ல பல சபையில அதுதான் நடந்துச்சு. அப்ப பெரும்பான்மை 11 இல்ல, 12ன்னு போகும். "எத்தனை பேர் வேணும்"னு முன்கூட்டியே எண்ணி வச்சிக்கிட்டு யாரும் நிம்மதியா தூங்க வேணாம்.

இன்னொண்ணு, பல் அங்கத்தவர் வட்டாரம். சிறுபான்மைக்குப் பிரதிநிதித்துவம் வரட்டும்னுதான் 2, 3 பேர் வட்டாரம் வச்சாங்க. அதுல முதலாவதா வர்ற கட்சி எல்லா ஆளையும் அள்ளிட்டுப் போயிரும். அங்க தமிழ் வாக்கு மூணா பிரிஞ்சா ஒரே அடியில மூணும் போச்சு.

ஊவாக்காரி | ஜனவரி 12, மதியம் 1.05

அதனாலதானே ஒரே சின்னம்ங்கிறேன்! பிரிஞ்சா போச்சுன்னு நீங்களே சொல்றீங்க.

கணக்கப்பிள்ளை | ஜனவரி 12, இரவு 10.20

பல் அங்கத்தவர் வட்டாரத்தில் உங்கள் பேச்சு சரி. சபை முழுக்க ஒரே சின்னம் என்றால் இரண்டு இடிக்கும்.

கிராமத்தில் அ கட்சிக்குப் போடுகிற சிங்கள வாக்காளர் எல்லாரும் கூட்டுச் சின்னத்துக்குப் பின்னால் வரமாட்டார்கள். "தோட்டக் கட்சியோட போய்ட்டாங்க" என்ற ஒரு வரி போதும், பத்தில் ஒருவர் இனவாதக் கட்சிக்குத் தாவினாலே 930 வாக்கு. நாமே அவர்களுக்கு முக்கால் ஆசனம் பரிசளித்த மாதிரி. தனித்தனியாக நின்றால் அந்த வாக்கு அ கட்சியிலேயே தங்கும்.

இரண்டாவது வேட்புமனு. "இந்த வட்டாரத்தில் நீ நில், அந்த வட்டாரத்தில் நான் நிற்கிறேன்" என்று பங்கு போட முடியாது. வேட்புமனுவில் எல்லா வட்டாரத்துக்கும் ஆள் போட்டாக வேண்டும். எண்ணிக்கை ஒன்று குறைந்தாலும் முழு மனுவும் நிராகரிக்கப்படும். விட்டுக்கொடுப்பது என்றால் ஒரே வழி: பெயர் இருக்கும், ஆள் வீடு வீடாகப் போகமாட்டார், போஸ்டர் ஒட்டமாட்டார். அதைக் கட்சித் தலைவர்கள் மேசையில் பேசி முடித்தாலும் அந்த வட்டாரத்து வேட்பாளருக்கு ரோசம் வந்துவிடும். பெயர் போட்டாயிற்று, மாமன் மச்சான் எல்லாருக்கும் சொல்லியாயிற்று, சும்மா இரு என்றால் இருப்பாரா?

கூட்டுச் சின்னத்துக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. பத்துத் தலைவர் படம் போட்ட பிறகு போஸ்டரில் சின்னத்துக்கு இடம் மிஞ்சாது.

பேராதனை வீதி | ஜனவரி 13, மாலை 5.30

ஒரு அடிப்படைக் கேள்வி. "இனவாதக் கட்சி" என்று எதைச் சொல்கிறீர்கள்? பெயரை வைத்து எண்ணினால் அவை சிறியவை. 2000இல் சிங்கள உறுமய தொடங்கியது. 2004இல் ஜாதிக ஹெல உறுமய 9 ஆசனம் எடுத்தது, அதுதான் உச்சம். கடும்போக்குப் பௌத்த அமைப்பான பொதுபல சேனாவின் அரசியல் பிரிவாக 2015 பொதுத்தேர்தலில் நின்ற பொதுஜன பெரமுனவுக்கு (ராஜபக்சக்களின் கட்சி அல்ல, இது வேறு) நாடு முழுக்க 20,377 வாக்குதான். வாக்குப்பெட்டியில் சேனா தோற்றது. ஆனால் அதன் பேச்சு பெரிய கட்சிகளின் வட்டார வேட்பாளர் வாய்க்குள் போய்விட்டது. அவர் துண்டுப்பிரசுரத்தில் ஒன்றும் இருக்காது. மரண வீட்டிலும் ஓட்டோ தரிப்பிடத்திலும் சொல்வார்.

ஆகவே கட்சிப் பெயரை வைத்து வேலி போட்டால் ஆள் அடுத்த கதவால் வருவார். நடத்தையை வைத்துத்தான் போட வேண்டும்.

கணக்கப்பிள்ளை | ஜனவரி 13, இரவு 9.15

இதை ஏற்கிறேன். அதனால் நான் சொல்வது ஒரே பக்கத்தில் அடங்கும் ஓர் உறுதிமொழித் தாள். எல்லாக் கட்சிகளும் தனித்தனியாகக் கேட்கட்டும். வேட்புமனுவுக்கு முன்பே கையெழுத்து. மூன்றே விஷயம், நான்காவது வேண்டாம்:

ஒன்று, ஓர் இனத்தை அல்லது மதத்தைக் குறிவைத்துப் பேசும் வேட்பாளரை நிறுத்தமாட்டோம். பிறகு பேசினால் 48 மணிநேரத்துக்குள் கட்சி பெயர் சொல்லி மறுக்கும். இரண்டு, அப்படிப் பேசி வென்றவர்களின் வாக்கை வாங்கித் தவிசாளர், உப தவிசாளர் ஆகமாட்டோம். மூன்று, தவிசாளர் தெரிவைப் பகிரங்க வாக்கெடுப்பாக நடத்தவே வாக்களிப்போம்.

மூன்றாவதுதான் பூட்டு. ஒரு கட்சிக்குப் பாதி ஆசனம் கிடைக்காத சபையில் உள்ளூராட்சி ஆணையாளர் வந்து தலைமை தாங்குவார். முதலில் கேட்பது: பகிரங்கமா, இரகசியமா? அதையே உறுப்பினர்கள் வாக்களித்து முடிவு செய்வார்கள். இரகசியம் என்று போனால் யார் யாருக்குப் போட்டார் என்பது தெரியாது, உறுதிமொழி வெறும் தாள். 2025 ஜூனில் கொழும்பு மாநகர சபையில் மேயர் தெரிவு இரகசிய வாக்கெடுப்பில் 61க்கு 54 என்று முடிந்தது. யார் எந்தப் பக்கம் தாவினார் என்று இன்றைக்கும் ஊகம்தான்.

நோர்வூட்டான் | ஜனவரி 14, காலை 7.00

பொங்கல் வாழ்த்து எல்லாருக்கும், நாளைக்கு யாரும் இந்தப் பக்கம் வரமாட்டீங்க.

அந்த 450 பேரைப் பத்தி. அவங்க வீட்டுல தூங்கல. கொழும்பு கடை, ஹோட்டல், கார்மண்ட். 2025 மே 6 செவ்வாய்க்கிழமை. வாக்களிப்பு காலை 7 முதல் மாலை 4 வரை. நடு வாரத்தில ஹட்டன் வரைக்கும் யார் வருவா?

லீவு உரிமை இருக்கு, பலருக்குத் தெரியாது. தனியார் துறைக்கு போன முறை தேர்தல் ஆணைக்குழு அறிவிச்சது: வேலை இடத்திலிருந்து வாக்குச்சாவடி 40 கி.மீ.க்குள்ள அரை நாள், 40 முதல் 100 வரை ஒரு நாள், 100 முதல் 150 வரை ஒன்றரை நாள், 150க்கு மேல 2 நாள். சம்பளம் வெட்டக்கூடாது. ஹட்டன்காரருக்கு ஒன்றரை, பதுளைக்காரருக்கு 2. எழுத்துல கேக்கணும், அதுதான் முக்கியம். "முதலாளி கோபிப்பார்"னு பயப்படுற பிள்ளைகளுக்காக ஒரு பக்கக் கடிதம் சிங்களத்தில அடிச்சு வாட்ஸ்அப்ல வச்சிருங்க, பேரையும் திகதியையும் மட்டும் நிரப்பினா போதும்.

அடையாள அட்டை இல்லாதவங்க இன்னும் தோட்டத்தில இருக்காங்க, கூடுதலா வயசானவங்க. தோட்டத்தில இருக்கிறவங்க விண்ணப்பத்தை துரையே (தோட்ட முகாமையாளர்) உறுதிப்படுத்தலாம். தேர்தல் நேரம் வந்தா தற்காலிக அடையாள அட்டை கிராம சேவகர் மூலமா எடுக்கலாம், ஆனா கடைசித் திகதி தேர்தலுக்கு முதலே முடிஞ்சிரும். தேர்தல் வாரத்தில ஓடுறவங்கதான் அதிகம்.

ஊவாக்காரி | ஜனவரி 16, இரவு 8.45

சரி, ஒரே சின்னம் கதையை விடுறேன். பல் அங்கத்தவர் வட்டாரத்துக்கு மட்டும் வச்சிக்கிறேன்.

ஆனா நீங்க எல்லாரும் கணக்கும் சட்டமும் பேசுறீங்க. கிராமத்துச் சிங்கள ஆட்கள் ஏன் நம்ம கூட நிக்கணும்? அவங்களுக்கு என்ன இருக்கு இதுல? அதைச் சொல்லுங்க முதல்ல.

பேராதனை வீதி | ஜனவரி 17, காலை 11.10

நல்ல கேள்வி, இந்த இழையில் இதுவரை வந்ததில் இதுதான் கனமானது.

இனவாதம் பேசுபவர் கிராமத்தில் விற்பது ஒரே சரக்கு: "தோட்டத்துக்கு எல்லாம் கிடைக்கிறது, உங்களுக்கு இல்லை." இந்திய வீட்டுத் திட்டம், 7 பேர்ச் காணி, சம்பள உயர்வு, மூன்றையும் கோர்த்துச் சொல்வார். இதற்குப் பதில் "இனவாதம் கூடாது" என்று சொன்னால் கிராமத்தவர் காதில் விழாது. பதில் காசுக் கணக்காக இருக்க வேண்டும்.

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு இருந்த காலத்தில் தோட்டக் காணிக்குள் சபை நிதி போக முடியாது. 2018இல்தான் அது திருத்தப்பட்டது. ஆக அதுவரை தோட்டத்து வாக்காளர் வாக்குப் போட்டுத் தெரிவு செய்த சபை, அவர் லயத்து (தோட்டத்து வரிசை வீடு) வாசலில் ஒரு பல்ப் போட முடியவில்லை. இந்த ஒரு தகவலைச் சிங்களத்தில் சொல்லிப் பாருங்கள். "எல்லாம் தோட்டத்துக்கு" என்ற பேச்சு அங்கேயே நின்றுவிடும், கேட்பவர்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது.

அடுத்து, பொதுவான பாதை எது என்று பாருங்கள். பெரும்பாலும் கிராமத்துக்குப் போகும் வழி தோட்டத்துக்குள்தான் போகும். அந்தப் பாதை யாருடையது என்று சபையும் கம்பனியும் மாறி மாறிக் கைகாட்டும். குழி இரண்டு பக்கத்துக்கும் ஒரே குழி. தண்ணீரும் அப்படித்தான், ஊற்று தோட்டத்துக்கு மேலே, குழாய் கிராமத்துக்கு. மண்சரிவும் அப்படி. 2025 நவம்பரில் டித்வா புயல் அடித்தபோது கண்டி, நுவரெலியா, பதுளை மூன்றிலும் மலை இடிந்து விழுந்தது லயமா கிராமமா என்று பார்த்து இல்லை. நிவாரணப் பட்டியல், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அபாய வலய அறிக்கை, மாற்றுக் காணி: இந்த மூன்றிலும் கிராமத்து மரணாதாரச் சங்கமும் தோட்டத்துக் கோயில் கமிட்டியும் ஒரே கடிதத்தில் கையெழுத்துப் போட்டுப் பிரதேச செயலகத்துக்குக் கொடுத்தால், அடுத்த தேர்தலுக்கு அதுவே அடித்தளம்.

தேர்தல் வருஷத்தில் தொடங்கினால் யாரும் நம்பமாட்டார்கள். சபையின் காலம் 4 வருஷம். இப்போதுதான் தொடங்க வேண்டும்.

நோர்வூட்டான் | ஜனவரி 17, இரவு 9.30

கூட்டம் வைக்கிறவங்களுக்கு சில்லறை விஷயம், ஆனா இதுலதான் கவுறும்.

கோயில்லயும் வேணாம், பன்சலையிலயும் (பௌத்த விகாரை) வேணாம், பள்ளிவாசல்லயும் வேணாம். தோட்டத்து கிளப்னா துரைகிட்ட அனுமதி, பள்ளிக்கூடம்னா கல்வித் திணைக்கள அனுமதி. கூட்டுறவுக் கடை மண்டபம் இருந்தா அதுதான் தோது. கொழுந்து நிறுத்து முடிஞ்சு பெண்கள் வீடு வர 5 மணி தாண்டிரும், பிறகு அடுப்பு. வார நாள்ல கூட்டம் வச்சா ஆம்பளைங்க மட்டும்தான் வருவாங்க, அதுலயும் பாதி தலைவர்மார். சம்பள நாளும் வேணாம். போயா நாள் எல்லாருக்கும் லீவுன்னு நினைப்பீங்க, கிராமத்தில பெரியவங்க பன்சலையில சில் (விரதம்) எடுத்திருப்பாங்க. ஞாயிறு பின்னேரம் 3 மணிக்கு டவுன்ல சாமான் வாங்கி முடிச்சிட்டு வர்ற நேரம் பாருங்க.

சிங்களம், தமிழ் ரெண்டும் தெரிஞ்ச ஒருத்தர் இல்லாம தொடங்கவே கூடாது. துண்டுப்பிரசுரத்தில ஒரு பக்கம் சிங்களம், மறுபக்கம் தமிழ்னு அடிக்காதீங்க. "அந்தப் பக்கம் வேற என்னமோ இருக்கு"ன்னு கதை கட்டுவாங்க. பக்கத்துப் பக்கத்துல, வரிக்கு வரி. அச்சடிச்சவர், வெளியிட்டவர் பேரும் முகவரியும் கீழ இருக்கணும், இல்லாட்டி பொலிஸ் அள்ளிரும்.

ஊவாக்காரி | ஜனவரி 18, காலை 9.00

இது உதவும். வதந்திக்கு என்ன பண்றது? வாக்களிப்புக்கு முந்தின 48 மணிநேரம் பிரசாரம் நிறுத்தம். அந்த நேரத்தில வர்ற வாட்ஸ்அப் வொய்ஸ்தான் பெரிய ஆபத்து. யாரும் மேடை போட்டு மறுக்க முடியாது.

பேராதனை வீதி | ஜனவரி 18, இரவு 7.40

கண்டிப் பக்கம் திகனவில் முஸ்லிம்களுக்கு எதிராக நடந்த கலவரத்தைப் பாருங்கள். 2018 பெப்ரவரி 10 உள்ளூராட்சித் தேர்தல். பெப்ரவரி 22 தெல்தெனியவில் வாகனத் தகராறில் சிங்கள லொறிச் சாரதி ஒருவர் முஸ்லிம் இளைஞர்களால் தாக்கப்பட்டார். மார்ச் 3 அவர் இறந்தார். அதற்குப் பிறகுதான் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. மார்ச் 6 அவசரகாலச் சட்டம், அடுத்த நாள் பேஸ்புக், வாட்ஸ்அப் முடக்கம். தாக்குதலுக்கும் மரணத்துக்கும் இடையே 9 நாள். சாரதியின் ஊர்க்காரரும் திகன டவுன் கடைக்காரரும் பேசிக்கொள்ள ஒரு குழு ஏற்கெனவே இருந்திருந்தால் அந்த 9 நாள் போதுமானது. எரியத் தொடங்கிய பிறகு குழு அமைக்க முடியாது.

வட்டாரத்துக்கு மூன்று பேர் போதும்: ஒரு தமிழர், ஒரு சிங்களவர், ஒரு முஸ்லிம். மூவரும் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய் வருகிறவர்களாக இருக்க வேண்டும், பெயருக்கு அல்ல. செய்தி வந்ததும் சம்பவ இடத்தில் இருக்கும் ஒருவருக்கு நேரடி அழைப்பு. அரை மணிநேரத்துக்குள் பதில், எந்த மொழியில் வதந்தி வந்ததோ அதே மொழியில், அந்த ஊர்க்காரர் குரலில். மூல வொய்ஸை மறுபடி அனுப்பக்கூடாது, "இது பொய்" என்று எழுதி அனுப்பினாலும் பொய்தான் பரவும். குழுவின் பெயர், நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள். தேர்தல் காலம் என்றால் மாவட்டத் தேர்தல் முறைப்பாட்டு நிலையம், உயிராபத்து என்றால் 119, பொலிஸ் அசையாவிட்டால் மனித உரிமைகள் ஆணைக்குழு 1996.

நோர்வூட்டான் | ஜனவரி 18, இரவு 10.05

ஐசிசிபிஆர் (சிவில், அரசியல் உரிமைகள்) சட்டத்தையும் சொல்லுங்க. 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கம், 3ஆம் பிரிவு. இன வெறுப்பைத் தூண்டினா நீதவான்கிட்ட பிணைகூட கிடையாது, மேல் நீதிமன்றம்தான்.

பேராதனை வீதி | ஜனவரி 19, காலை 8.20

சொல்லாமல் விட்டதற்குக் காரணம் இருக்கிறது. 2019 மே மாதம் ஹசலகவில் ஒரு முஸ்லிம் பெண்ணைக் கைது செய்தது இதே சட்டத்தில்தான். அவர் ஆடையில் இருந்தது கப்பல் சுக்கான் படம். பொலிஸ் அதைத் தர்மச்சக்கரம் என்றது. அதே வருஷம் ஒரு சிறுகதைக்காகச் சிங்கள எழுத்தாளர் ஒருவர் உள்ளே போனார். சட்டம் காகிதத்தில் நம் பக்கம், கையில் எடுப்பவர் யார் என்பதைப் பொறுத்தே வேலை செய்யும். ஆதாரம் சேர்த்து வையுங்கள், வழக்கறிஞரிடம் கொடுங்கள். அதைப் பிரதான ஆயுதமாக நம்பி இருக்காதீர்கள்.

ஊவாக்காரி | ஜனவரி 19, இரவு 8.30

ஒண்ணு யாரும் சொல்லல, நானே சொல்றேன். நம்ம பக்கமும் "தமிழனுக்குத் தமிழன்தான்"னு மேடையில கத்துறவங்க இருக்காங்க. அதோட வீடியோவை வெட்டி கிராமத்து குரூப்ல போட்டா இனவாதக் கட்சிக்குப் பிரசாரச் செலவே இல்ல. அப்புறம் வேட்பாளர் தெரிவுல சாதி பார்க்கிறது. லயத்துக்குள்ளயே ஒரு பகுதி வாக்குச்சாவடிக்குப் போகாம இருக்க அதுவும் காரணம். அந்த 450ல அவங்களும் இருக்காங்க கணக்கப்பிள்ளை, எல்லாரும் கொழும்புல இல்ல.

கணக்கப்பிள்ளை | ஜனவரி 20, இரவு 9.40

உண்மை. இன்னொன்றும் சேர்க்கிறேன்: இந்தத் தேர்தலில் எண்ணுவது வாக்குச்சாவடியிலேயே. எந்த டிவிஷன் யாருக்குப் போட்டது என்பது அன்றிரவே தெரிந்துவிடும். "உங்க லயம் நமக்குப் போடல" என்று தண்ணீர்க் குழாயை நிறுத்துகிற தலைவர்மாரும் உண்டு. பயத்தில் வராமல் இருப்பவர்களை அழைக்கும் முன் அந்த மிரட்டலை நிறுத்த வேண்டியது நம் கட்சிகளின் வேலை.

உறுதிமொழித் தாளில் யார் கையெழுத்து என்று தனிச்செய்தியில் ஒருவர் கேட்டிருந்தார். வேட்பாளர் கையெழுத்து நல்லது, போதாது. கட்சிச் செயலாளரின் கையெழுத்து வேண்டும். உறுப்புரிமையை இழந்தால் உறுப்பினர் பதவியும் போகும், அந்த அதிகாரம் அவரிடம். பகிரங்க வாக்கெடுப்பில் தாவியவரை அவர் விலக்கலாம். இரகசிய வாக்கெடுப்பில் யாரை விலக்குவார்? மாவட்டத் தலைவர், தொழிற்சங்கத் தலைவர் கையெழுத்தெல்லாம் போட்டோவுக்கு அழகு.

நோர்வூட்டான் | ஜனவரி 20, இரவு 10.15

சுயேச்சைக் குழுவுக்குச் செயலாளர் இல்லையே அண்ணே?

கணக்கப்பிள்ளை | ஜனவரி 20, இரவு 10.30

குழுத் தலைவர். அவரிடம் வேட்புமனு கொடுக்கும் நாளுக்கு முன்பே வாங்கிவிடுங்கள், பிறகு போனை எடுக்கமாட்டார்.